பதிலுக்கு மீட்டர் கிடையாது

எங்கள் ஆல்பத்தின் அட்டையில், பெயருக்குக் கீழே ஒரு முத்திரை இருக்கிறது. 'இதில் அடங்கியிருப்பது கூச்சல் அல்ல, பதில்' என்று போட்டு, பக்கத்தில் ஒலி ஒழுங்கு வாரியத்தின் சின்னம்: காதைப் பொத்திய ஒரு கை. நாங்களே நக்கலுக்காக அச்சடித்துக்கொண்டோம் என்று பலரும் நினைக்கிறார்கள். சத்தியமாக இல்லை. எங்களுக்கு அந்த அளவுக்குக் கற்பனை போதாது. அது வாரியம் கூடிப் பேசி, யோசித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாசகம். கேட்கிறவர்களுக்கெல்லாம் கதை சொல்லி வாய் வலிக்கிறது, ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

குழுவின் பெயர் 'கரண்டு போச்சு'. எங்கள் முதல் கச்சேரியில் முதல் பாட்டு முடிவதற்குள் மண்டபக்காரர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். பெயர் அங்கேயே கிடைத்தது. நான் டிரம்ஸ். பகலில் டயர் கடையில் வேலை, அதனால் என்னை பஞ்சர் என்பார்கள். கிட்டார் வாசிப்பவன் வயரிங் வேலைக்காரன், அவன் கம்பி. பேஸ் கிட்டார்காரன் இரவுக் காவலாளி, எங்கே சாய்ந்தாலும் கண் சொருகிவிடும், அவன் தூக்கம். பாடுவது என் அக்கா. பாடுவது என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது.

நாங்கள் வாசிப்பது பங்க் இசை. அது என்னவென்று கேட்பவர்களுக்கு நான் வைத்திருக்கும் விளக்கம் இதுதான்: கிட்டாரில் மூன்று பிடி, ஒன்றரை நிமிடம், யார் மேலாவது உண்மையான கோபம். முதல் இரண்டும் யாருக்கும் வரும். அக்கா சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். "பை வேணுமா, கார்டா, கேஷா" என்று நாள் முழுக்கச் சிரித்த முகமாகக் கேட்கிற அந்த வாய், சாயங்காலம் டயர் கடைப் பின்கட்டில் மைக்கைப் பிடித்தால் எதிரே நிற்பவன் தன்னையறியாமல் ஒரு அடி பின்னால் போவான். நானே போயிருக்கிறேன், டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு. எட்டுப் பாட்டும் அவள் எழுதியது. ஆல்பத்துக்கு அவள் வைத்த பெயர் 'முடியாது போ'.

பதிவு செய்யலாம் என்று நாங்கள் கிளம்பிய சமயத்தில் அவள் குரல் கரகரக்க ஆரம்பித்தது. டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். மிளகு அளவுக்கு ஒரு கட்டி.

"பயப்பட ஒண்ணும் இல்லை," என்றார். "அடுத்த மாசக் கடைசியில எடுத்துடலாம். பேச்சு பழையபடி வந்துடும். மெதுவாப் பாடக்கூடச் செய்யலாம்."

"கத்தலாமா?" என்றாள் அக்கா.

"எதுக்கும்மா கத்தணும்? உங்களுக்கு அப்படி என்ன குறை?"

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கு எட்டுப் பாட்டு இருந்தது, ஆனால் ஆஸ்பத்திரியில் பாட முடியாது.

"ஆபரேஷனுக்கு அப்புறம் கத்தவே முடியாதா டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"முடியாது. அதுவரைக்கும் இருக்கறதை வெச்சு ஓட்டுங்க. அடியில மிஞ்சின ஷாம்பூ மாதிரின்னு வெச்சுக்கோங்க. கவுத்துத் தட்டினா கொஞ்சம் வரும். எப்பத் தீரும்னு என்னால சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்: "மெதுவாப் பாடி நான் என்னத்தைக் கிழிக்கப் போறேன். ஆல்பத்துல கொட்டிட்டு அப்புறம் ஊமையாப் போறேன், போ." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள், எல்லாமே கிசுகிசுப்புதான். உப்பு வேண்டுமென்றால்கூட விரலைக் காட்டுவாள்.

நேராக ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். ஸ்டூடியோக்காரர் எங்கள் மாதிரிப் பதிவைப் பாதிவரைதான் கேட்டார். "பாட்டுன்னா இன்னைக்கே பண்ணித் தரேன். இது பாட்டு இல்லையே தம்பி, கூச்சல். கூச்சலை வாரிய அரங்கத்துலதான் பதிவு பண்ணணும்னு சட்டம் வந்தாச்சு. என் லைசென்ஸுக்கு வேட்டு வெச்சிடாதீங்க." மற்ற ஸ்டூடியோக்களிலும் இதே பதில்தான். ஒரு இடத்தில் கதவையே திறக்கவில்லை.

ஆக, வாரியம்.

வாசலில் செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டு, செருப்புக்கு மேல் மாட்டிக்கொள்ளத் துணி உறை கொடுத்தார்கள். உள்ளே யாரும் நடப்பது கேட்கவில்லை. கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விடுவதற்கென்றே ஒருவர் கிண்ணமும் பஞ்சுமாக வராந்தாவில் போய்வந்துகொண்டிருந்தார். தும்மல் வந்தால் போய்த் தும்முவதற்குத் தனி அறை. தூக்கம் அங்கே கால் வைத்த மாத்திரத்தில் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டான், அவனைக் குறை சொல்ல முடியாது.

செயலர் அறையில் நாற்காலிக் கால்களுக்கெல்லாம் ரப்பர் காலணி. செயலர் எங்களைவிட மெதுவாகப் பேசினார்.

"தலைப்பு கொஞ்சம் உறுத்துது," என்றார். "'முடியாது போ'. பொருள் சரிதான், தொனிதான் கொஞ்சம் இப்படி. 'தற்சமயம் இயலவில்லை'ன்னு வெச்சுக்கலாமே. அதே கோபம்தான், கொஞ்சம் பண்பா."

அக்கா வாயைத் திறந்தாள், குரலை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று நினைவு வந்து மூடிக்கொண்டாள். அந்த மௌனத்தைச் செயலர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

"சரி. இப்ப, யாரைப் பார்த்துக் கத்துறீங்க?"

"புரியலை சார்," என்றேன்.

"கூச்சல்னா அதுக்கு எதிர்த்தரப்பு ஒண்ணு இருக்கணும் இல்லையா? உங்க பாட்டுல வாடகை வாங்குற வீட்டுக்காரர் வர்றாரு, கடை மேனேஜர் வர்றாரு, அப்பா வர்றாரு. அவங்களைக் கேட்காம ஒருதலைப்பட்சமா கத்திட்டுப் போனா எப்படி? அவங்க பதிலும் ஆல்பத்துல வரணும். கத்துறது உங்க உரிமை. பதில் சொல்றது அவங்க உரிமை. ரெண்டையும் பாதுகாக்கறது எங்க கடமை. அதனாலதான் இங்கேருந்து இதுவரைக்கும் ரெண்டுமே வெளிய போனதில்லை."

இதைப் பெருமையாகத்தான் சொன்னார். நான் அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன், ஒரு சின்னச் சிரிப்பு கிடைக்குமா என்று. ம்ஹூம்.

பதிலுக்கு முன்னால் மாதிரிக் கூச்சல் என்று ஒன்று வைத்தார்கள். ஒவ்வொரு பாட்டிலும் வருகிற முக்கியமான கத்தல்களை நிபுணர் குழு முன்னால் கத்திக் காட்ட வேண்டும். குழுவில் மூன்று பேர். செயலர், சத்தத்தை அளக்கும் முள் மீட்டரோடு மீட்டர்காரர், கூச்சல் நிபுணர் என்று ஒரு பெரியவர். பெரியவர் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று பேரும் உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து பஞ்சு எடுத்துக் காதில் அடைத்துக்கொண்டார்கள்.

"சார், அப்புறம் எப்படிக் கேட்பீங்க?" என்று நான் சைகையோடு கேட்டேன்.

நிபுணர் ஒரு காதுப் பஞ்சை மட்டும் எடுத்தார். "ஊழியர் ஆரோக்கிய விதி, தம்பி. அதோட, காதால கேட்டா மனசுல விருப்பு வெறுப்பு வந்துடும். நான் வாயசைவைப் பார்ப்பேன். இவர் முள்ளைப் பார்ப்பார். செயலர் எங்க ரெண்டு பேரையும் பார்ப்பார். தப்பே நடக்காது." மறுபடி அடைத்துக்கொண்டார்.

"இதைப் பதிவு பண்ணிடலாம் இல்லையா?" என்று கம்பி செயலரிடம் எழுதிக் காட்டினான். பதிவு அனுமதி கிடைத்த பிறகுதான் பதிவு, அனுமதிக்கு முந்தைய சத்தம் சட்டப்படி எழவே இல்லை என்று பொருள் என்றார் செயலர்.

அக்கா கத்தினாள். வீட்டுக்காரர் பாட்டைக் கத்தினாள், மேனேஜர் பாட்டைக் கத்தினாள். மீட்டர்காரர் கையை உயர்த்தினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்ததால் முள்ளைப் பார்க்கத் தவறிவிட்டாராம். மறுபடி கத்தினாள். நிபுணர் கையை உயர்த்தினார். கத்தும்போது தலையைத் திருப்பியதால் உதடு தெரியவில்லையாம். மறுபடி. நான் ஸ்டூலில் உட்கார்ந்து, தொடையில் தாளம் போடுவது போல என் கையை நானே கட்டுப்படுத்திக்கொண்டிருந்தேன். எழுந்து அந்த மீட்டரைத் தூக்கி மீட்டர்காரர் மடியிலேயே போட வேண்டும் போல இருந்தது.

கடைசி மாதிரி, ஏழாவது பாட்டில் வருகிற வெறும் "முடியாது". ஒரே சொல். அக்கா கண்ணை மூடிக்கொண்டு அதை இழுத்தாள் பாருங்கள். அறையின் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. தூக்கம் விழித்துக்கொண்டான். கம்பியின் கண்ணில் தண்ணீர். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை, இனிக் கேட்கப்போவதும் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று. எதிரே மூன்று பேரும் பஞ்சும் காதுமாக அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். நிபுணர் எதையோ குறித்துக்கொண்டு, "உச்சரிப்பு திருப்தி" என்றார்.

வெளியே வந்து அக்கா கைக்குட்டையில் துப்பினாள். ரத்தம். கைக்குட்டையை மடித்து என்னிடம் காட்டாமல் பையில் வைத்துக்கொண்டாள், நான் பார்த்துவிட்டேன்.

அடுத்து பதில்கள். பதில் சொல்கிறவர்களை அரங்கத்துக்கே வரவழைத்து, நல்ல மைக்கில், மெத்தை நாற்காலியில் உட்காரவைத்துப் பதிவு செய்தார்கள். நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெஞ்சில். அவர்களுக்கு விதி எதுவுமே இல்லை. எவ்வளவு நேரமும் பேசலாம், யாரும் குறுக்கிடக் கூடாது, ஒரு சொல்லையும் வெட்டக் கூடாது. பேசுகிறவரே 'முடிந்தது' என்று சொல்லும்வரை பச்சை விளக்கு அணையாது. மீட்டரைக்கூட உறை போட்டு மூடிவிட்டார்கள்.

"பதிலுக்கு மீட்டர் கிடையாதா?" என்று மீட்டர்காரரைக் கேட்டேன்.

அவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "முன்னாடி இருந்துது. ஒரு பெரிய புள்ளி வந்து பதில் சொன்னாரு. முள்ளு எகிறி அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கிச்சு. எனக்கு முன்னாடி இருந்தவர் நேர்மையா அதைச் சொல்லிட்டாரு. இப்ப அவரு எங்கேயோ மலை மேல மழை அளந்துகிட்டு இருக்காரு. அன்னையிலேருந்து பதிலுக்கு மீட்டர் கிடையாது."

வீட்டுக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பாட்டைக் கேட்கலாமா என்றார். பதில் சொல்பவரின் மனம் புண்படக் கூடாது என்பதால் சாரம் மட்டும்தான் என்று செயலர் படித்துக் காட்டினார்: "தண்ணீர் தொடர்பாக விண்ணப்பதாரருக்குச் சிறு மனக்குறை."

"தண்ணியை நான் நிறுத்தினதே கிடையாது," என்றார் வீட்டுக்காரர். "மோட்டார் சுவிட்சைத்தான் நிறுத்தினேன். தண்ணி தானா நின்னுச்சு. அதுக்கு நான் பொறுப்பாக முடியுமா? அதுவும் பகல்லதான். ராத்திரி குளிக்கக் கூடாதுன்னு நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா? ராத்திரி குளியலறைக்குப் போற மாடிக் கதவைப் பூட்டிடுவேன், அது வேற விஷயம்." இப்படி அவர் பாட்டுக்கு, மூன்று பாட்டுக்குள்ள நேரம் பேசினார். நடுவில் மேல்வீட்டுக்காரர்களைப் பற்றியும் சொன்னார்.

சூப்பர் மார்க்கெட் மேனேஜர் இன்னும் நிதானமானவர். "பில் போடுற பெண்கள் உட்காரக் கூடாதுன்னு யார் சொன்னது? ஒவ்வொருத்தருக்கும் நாற்காலி வாங்கிக் குடுத்திருக்கோம். கஸ்டமர் இல்லாத நேரத்துல தாராளமா உட்காரலாம். கஸ்டமர் இல்லாத நேரத்துல கடை மூடியிருக்கும், அதுக்கு என்ன பண்றது. நாற்காலி புதுசா அப்படியே இருக்கு. வேணும்னா வந்து பாருங்க, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கலை."

செயலர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். அக்கா பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நின்று நின்று கால் நரம்பு சுருட்டிக்கொண்டதை நான் அறிவேன். ராத்திரி எண்ணெய் தேய்த்துவிடுவது நான்தான்.

மூன்றாவது அப்பா. அங்கேதான் வண்டி நின்றது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொது நூலகத்தில் வாசிப்பு அறை உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை என்றால், சத்தம் போடுகிறவர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைப்பது. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். நானும் அக்காவும் சின்ன வயதில் அழுததுகூட வாயைப் பொத்திக்கொண்டுதான். கெட்ட மனிதர் இல்லை, அடித்ததும் இல்லை. ஆனால் அவர் இருக்கும் அறையில் ஒரு ஸ்பூன் கீழே விழுந்தால் எங்களுக்கு இன்றைக்கும் திக்கென்று இருக்கும். அக்காவின் எட்டாவது பாட்டு அவரைப் பற்றியது. பெயர் 'உஷ்'.

செயலர் சாரம் படித்தார்: "தங்கள் வளர்ப்புமுறை குறித்து மகளுக்கு மாற்றுக்கருத்து. பதில் சொல்லலாம்."

அப்பா மைக் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அவ கத்தி நான் இன்னும் கேட்கலையே," என்றார்.

"சாரம் படிச்சோமே."

"சாரம் சரி. அவ என்ன சொல்லிக் கத்துறான்னு கேட்காம நான் என்ன பதில் சொல்றது? கேட்டுட்டுச் சொல்றேன்."

செயலர் திகைத்துப்போனார். வாரியத்தின் வரலாற்றில் கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன் என்றவர் யாருமே இல்லையாம். விதியில் அதற்கு இடமில்லை. பதில் வராமல் பதிவுக்கு அனுமதி இல்லை. அனுமதி இல்லாமல் அவள் கத்த முடியாது. அவள் கத்தாமல் அவர் பதில் சொல்லமாட்டார். ஒத்திவைத்தார்கள்.

வீட்டில் அன்றைக்கு நடந்த சண்டையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முழுச் சண்டையும் கிசுகிசுப்பில்.

"ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே," என்றாள் அக்கா. காற்றுதான் வந்தது. "நல்லாத்தான் வளர்த்தேன்னு சொல்லுங்க. எனக்கு நாள் போய்க்கிட்டே இருக்குப்பா."

"பொய்யா எதையும் சொல்லத் தெரியலம்மா."

"இத்தனை நாள் என்னை வாயைத் திறக்க விடல. இப்ப நீங்க வாயைத் திறக்காம என் ஆல்பத்தைக் கெடுக்கறீங்க."

எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம், இரண்டு பேரைப் பார்த்தும் பாவமாக இருந்தது. மறுநாள் அப்பா யாரிடமும் சொல்லாமல் தனியாக வாரியத்துக்குப் போயிருக்கிறார். பதிவு நாளன்றே நேரில் இருந்து கேட்டுவிட்டு அங்கேயே பதில் சொல்கிறேன் என்று எழுதிக்கொடுத்திருக்கிறார். வாரியம் மூன்று முறை கூடி, நேரலைப் பதில் என்று ஒரு புது வகையை உண்டாக்கி ஒப்புக்கொண்டது. கூடிய கூட்டங்களிலேயே ஒரு வாரம் போய்விட்டது. கிடைத்த தேதி வெள்ளிக்கிழமை. ஆபரேஷன் திங்கட்கிழமை. அந்த ஒரு நாள்தான், தவறினால் அரங்கம் மறுபடி எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது. வருஷம் முழுக்கக் காலியாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறதாம்.

வெள்ளிக்கிழமை அரங்கத்தில் நாங்கள் தயாராக உட்கார்ந்தோம். அக்கா மைக் முன்னால். அப்பா ஓரத்தில் மெத்தை நாற்காலியில். தலைவர் வந்து தொடங்கிவைத்த பிறகுதான் சிவப்பு விளக்கு எரியும். தலைவர் மதியத்துக்கு மேல் வந்தார். பேசினார்.

"இந்த அரங்கம் கட்டிய நாளிலிருந்து இன்றுவரை இங்கே ஒரு சத்தமும் எழுந்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். எத்தனையோ இளைஞர்கள் கோபத்தோடு இந்த வாசலுக்கு வந்தார்கள். அத்தனை பேரும் சாந்தமாகத் திரும்பிப் போனார்கள். சிலர் வீட்டை விட்டே வெளியே வருவதில்லை என்று கேள்விப்படுகிறேன், அந்த அளவுக்குச் சாந்தம். கோபம் நாட்டின் சொத்து. சொத்தை யாராவது தெருவில் இறைப்பார்களா? பூட்டி வைக்க வேண்டும். சாவி எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. இளைஞர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்."

தூக்கம் அதைச் செய்துகொண்டுதான் இருந்தான். கம்பி காலால் உதைத்து எழுப்பினான். தலைவர் பஞ்சை அடைத்துக்கொண்டு முன் வரிசையில் அமர்ந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

நான் குச்சியைத் தட்டி நான்கு எண்ணினேன். கம்பி பிடித்தான், தூக்கம் சேர்ந்தான், முதல் பாட்டு, வீட்டுக்காரர் பாட்டு. அக்கா மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

காற்று.

கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, வாய் முழுக்கத் திறந்திருந்தது. காற்று மட்டும் வந்தது. என் கை தானாக நின்றுவிட்டது. அவள் திரும்பி, வாசி என்று கையைக் காட்டினாள். மறுபடி எண்ணினேன். மறுபடி காற்று. மூன்றாம் முறை வாயைத் திறந்தவள் திறந்தபடியே நின்றாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பாவி ஜென்மங்கள், அந்த மாதிரிக் கூச்சலில் உறிஞ்சி எடுத்துவிட்டார்கள் என்று எனக்கு நெஞ்சு கொதித்தது.

மீட்டர்காரர் முகம் மலர்ந்திருந்தது. "முள்ளு அசையவே இல்லை. இவ்வளவு கட்டுப்பாடான கூச்சலை நான் பார்த்ததே இல்லை."

செயலர் எங்கள் பக்கம் குனிந்தார். "தொடருங்க. சத்தமில்லாத கூச்சலுக்கும் சான்று தர வழி இருக்கு. சொல்லப்போனா சுலபம்."

நான் குச்சியைக் கீழே வைத்தேன். அப்போது அப்பா எழுந்தார்.

"என் பதிலை இப்பச் சொல்லலாமா?" என்றார்.

செயலர் தலைவரைப் பார்த்தார். தலைவர், எது கேட்டாலும் தலையாட்டுகிற பழக்கத்தில், தலையாட்டினார். சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது. மீட்டர்காரர் மீட்டருக்கு உறை போட்டார். அப்பா மெத்தை நாற்காலியில் மறுபடி உட்காரவில்லை. நேராக வந்து அக்காவின் மைக் முன்னால், அக்காவின் பக்கத்தில் நின்றார். கொஞ்சம் குனிந்து தன் காதை அவள் வாயருகே கொண்டுபோனார்.

"சொல்லு," என்றார். "நான் சொல்றேன்."

அக்காவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. எனக்கு முதலில் புரிந்துவிட்டது, குச்சியை எடுத்துவிட்டேன். அவள் முதல் வரியைக் காதில் கிசுகிசுத்தாள். அப்பா நிமிர்ந்து, வாழ்க்கையில் ஒருமுறையும் குரலை உயர்த்தாத அந்த மனிதர், கத்தினார். கோரமாக இருந்தது. சுருதி இல்லை, தாளம் இல்லை. ஒவ்வொரு வரியும் கேட்டு வாங்கிச் சொல்வதால் அரைத் தாளம் பின்னால் வந்து விழுந்தது. நாங்கள் அவருக்காகக் காத்துக் காத்து வாசித்தோம். அவள் கிசுகிசுக்க, அவர் கத்த, வீட்டுக்காரர் போனார், மேனேஜர் போனார். மேனேஜர் பாட்டில் ஒரு கெட்ட வார்த்தை வரும். அக்கா தயங்கினாள். அப்பா அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் அதைவிடக் கெட்டதாக ஒன்றைச் சொந்தமாகப் போட்டார். நூலகத்தில் எங்கே கற்றுக்கொண்டாரோ.

செயலர் பதறிப்போய் மீட்டர்காரரிடம் ஓடினார். "நிறுத்துங்க."

"பச்சை எரியுது சார். பதில் சொல்லிக்கிட்டு இருக்காரு. அவரே முடிஞ்சதுன்னு சொல்லணும்." மீட்டர்காரருக்கு மலையும் மழையும் ஞாபகம் வந்திருக்க வேண்டும், பொத்தான் பக்கமே கை போகவில்லை.

ஏழு பாட்டு முடிந்தது. அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எட்டாவது, 'உஷ்'. நான் எண்ணினேன். முதல் வரிகளை அவள் சொன்னாள், அவர் கத்தினார். பிறகு அக்கா நிறுத்திவிட்டாள். அடுத்த வரி எனக்குத் தெரியும். அதை எழுதியபோது அவள் தொண்டையில் எதுவும் இல்லை, பல வருஷத்துக்கு முன்னால் கோபத்தில் எழுதியது. அவள் அப்பாவைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். நாங்கள் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தோம். கம்பி அதே பிடியில் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அடுத்த வரி சொல்லும்மா," என்றார் அப்பா. அது மைக்கிலேயே விழுந்தது, ஆல்பத்தில் இன்னும் இருக்கிறது.

அவள் தலையசைத்தாள்.

"நான் கேட்கத்தான் வந்தேன். சொல்லு."

அவள் சொன்னாள். அவர் அந்த வரியை வாங்கிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து கத்தினார்.

"நீ அடக்கின சத்தமெல்லாம் என் தொண்டையில கட்டியா நிக்குது."

ஒருமுறைதான் அந்த வரி பாட்டில் வரும். அவர் மறுபடியும் கத்தினார். மறுபடியும். கடைசியில் சொல் போய் வெறும் சத்தம் மட்டும் வந்தது, அதுவும் கிழிந்து, காற்றாகி நின்றது. அக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் எப்படித் தாளம் தவறாமல் முடித்தேன் என்று எனக்கே தெரியாது. கண்ணில் ஒன்றும் தெரியவில்லை.

பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அப்பா 'முடிந்தது' என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார், வரவில்லை. கையால் சைகை காட்டினார். சைகையை ஏற்க விதி உண்டா என்று செயலரும் மீட்டர்காரரும் கிசுகிசுத்து, உண்டு என்று முடிவு செய்தார்கள். தலைவர் விளக்கு அணைந்ததும் காதிலிருந்து பஞ்சை எடுத்தார்.

"பெரியவர் என்ன சொன்னார்?"

"பதில் சொன்னார் சார்," என்றார் செயலர். முகம் வெளுத்திருந்தது. என்ன சொன்னார் என்று இனி வெளியே சொன்னால், இதை எழ விட்டது யார் என்ற கேள்வி வரும்.

"எப்படி? கூச்சல் ஏதாவது?"

"கூச்சல் இல்லை சார். முள் அசையலை. முழுக்க முழுக்கப் பதில்தான்."

"பார்த்தீங்களா," என்று தலைவர் எங்கள் பக்கம் திரும்பினார். "ஒரு தகப்பன் பொறுமையாக, பண்பாகப் பதில் சொன்னால் கோபம் எங்கே போகிறது பாருங்கள். அந்தப் பெண் அழுதுவிட்டாள். அட்டையிலேயே போடுங்கள், இது கூச்சல் அல்ல, பதில் என்று." கை குலுக்க நீட்டினார். அப்பா உதட்டில் விரலை வைத்துவிட்டு அவரைக் கடந்து நடந்தார்.

வீட்டுக்குத் திரும்ப பஸ் ஏறினோம். அவர்கள் இரண்டு பேரும் முன் சீட்டில் அருகருகே, நான் பின்னால் டிரம் பையை மடியில் வைத்துக்கொண்டு. அக்கா அவர் தோளில் சாய்ந்திருந்தாள். அவள் அப்படிச் சாய்ந்து நான் பார்த்ததில்லை. கண்டக்டர் வந்து எங்கே இறங்கணும் என்று கேட்டார். அப்பா வாயைத் திறந்தார், காற்று வந்தது. அக்கா திறந்தாள், அதே காற்று. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அக்காவின் தோள் குலுங்க ஆரம்பித்தது, அழுகிறாளோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவும்.

"என்னங்க, ரெண்டு பேருக்கும் பேச வராதா?" என்றார் கண்டக்டர்.

"பேசி முடிச்சுட்டாங்க," என்று சொல்லிவிட்டு, இறங்கும் இடத்தை நான் சொன்னேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, சத்தமாகவே சொன்னேன்.